ஒரே மீட்டில் நாலு ஸ்வரம்: ஸ்டீல் கிடாருக்கு லேசான ஆம்ப் தேடிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் ஆம்ப் பழுது பார்ப்பதும் விசேஷ வீடுகளுக்கு மைக் செட் கட்டுவதும் என் தொழில். போன ஆனியில் ஒரு ஸ்டீல் கிடார்க்காரர் கடைக்கு வந்தார். மடியில் கிடத்தி, தந்திமேல் இரும்புக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கிடார் அது. இருபது வருஷப் பழக்கம், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வயது 64. பாங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தார். இப்போது கீபோர்டு, தபலா, ஸ்டீல் கிடார் என்று மூன்று பேராக மணிவிழா, கல்யாண வரவேற்புகளுக்குப் போய்ப் பழைய பாட்டுகளை வாசித்துவிட்டு வருகிறார்கள். பாடகர் கிடையாது. பாட்டைப் பாடுவது அவருடைய கிடார்தான்.

"தம்பி, இனிமே பெட்டி தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தது. வாசிப்பதை விடச் சொல்லவில்லை, தூக்குவதை விடச் சொல்லிவிட்டார்.

அவருடைய பெட்டி ஃபெண்டர் ட்வின் ரெவெர்ப். பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப், உள்ளே இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். சிங்கப்பூரில் இருந்த உறவினர் ஒருவர் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. அதே மாடலைக் கம்பெனி இப்போது மறுபடி செய்து விற்கிறது, அது சுமார் 29 கிலோ. இவருடையது உறை, சக்கரப் பலகை, ஒயர் எல்லாம் சேர்த்து என் கடைத் தராசில் 34 காட்டியது.

செட்டிநாட்டு வீட்டுக்குள் பெட்டி தூக்கியவர்களுக்குத்தான் அந்த எடை புரியும். தெருவிலிருந்து திண்ணைக்கு ஆறேழு படி. அப்புறம் முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு என்று வீடு அடுத்த தெரு வரை நீளும். ஒவ்வொரு நிலைவாசலிலும் படியைத் தாண்டக் காலை உயர்த்த வேண்டும். சக்கரம் இருந்தாலும் அங்கே தூக்கித்தான் ஆக வேண்டும். ஆத்தங்குடிக் கல்லில் உருட்டலாம் என்றால் கோடு விழும் என்று வீட்டுக்காரர்கள் விடுவதில்லை. இதற்கு முன்னால், பள்ளத்தூருக்கோ கானாடுகாத்தானுக்கோ அதை டி.வி.எஸ். எக்ஸ்.எல்லில் காலடியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

"லேசா ஒண்ணு பாரு. ஆனா சத்தம் மாறக் கூடாது." கேட்டது இவ்வளவுதான்.

எவ்வளவு லேசு என்று முதலில் அளந்தோம். டாக்டரிடம் கேட்டால் எதையுமே தூக்காதீர்கள் என்பார். அதனால் ஒரு அரிசிப் பையைக் கையில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடை வாசல் படியில் ஏறி இறங்கச் சொன்னேன். 10-இல் சிரித்துக்கொண்டே ஏறினார். 13 வரை சரி. 15-இல் முகம் சுருங்கியது. நிறுத்திவிட்டோம். இந்த ஆய்வில் நான் எடுத்த அளவுகளில் கடைசி வரை மாறாமல் நின்றது இந்த 13 மட்டும்தான்.

லேசான பெட்டி ஏன் லேசு

பழைய ஆம்பில் எடை இரும்பில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை வாங்கி மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கருக்குப் பின்னால் கனத்த ஃபெரைட் காந்தம். புதிய பெட்டிகளில் ஸ்விட்ச் மோடு சப்ளை இருக்கிறது. அது மின்சாரத்தை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வேகத்தில் வெட்டி வெட்டிக் கொடுப்பதால் உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மர் போதும். பவர் பகுதி கிளாஸ் டி. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடும், சூடு குறைவு, அலுமினியத் தகடும் குறைவு. சில பெட்டிகளில் ஸ்பீக்கர் காந்தமும் நியோடிமியம் என்ற லேசான வகை. எடை இப்படித்தான் இறங்குகிறது.

மாடலிங் என்பது வேறு விஷயம். கிடாரிலிருந்து வரும் சிக்னலை எண்களாக்கி, இன்ன வால்வு ஆம்பில் இது எப்படி வளையும், எங்கே உடையும் என்று ஒரு சிப் கணக்குப் போட்டு, மறுபடி சத்தமாக்குவது. 1990-களின் நடுவில் கடைக்கு வந்த சங்கதி. லைன் 6 கம்பெனியின் முதல் மாடலிங் ஆம்ப் 1996-இல் வந்தது. கணக்குப் போட நேரமாகாதா, வாசித்ததற்கும் கேட்பதற்கும் இடைவெளி வராதா என்று அண்ணன் கேட்டார். சில மில்லி செகண்டுகள்தான். சத்தம் காற்றில் ஒரு மீட்டர் போகவே கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் ஆகிறது. பெட்டியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து வாசிக்கிறவர் அந்தத் தாமதத்தில் ஆயுசு முழுக்க வாசித்துவிட்டார்.

லேசாக வேண்டும் என்றால் மாடலிங் வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸ்டீல் வாசிப்பவர்களுக்கென்றே குவில்டர் மாதிரி கம்பெனிகள் கிளாஸ் டி ஆம்ப் செய்கின்றன, அவற்றில் மாடலிங் கிடையாது. ஆனால் அவை இங்கே கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. மதுரையிலும் திருச்சியிலும் கடைக்குப் போய் வாசித்துப் பார்த்து வாங்கக்கூடிய லேசான பெட்டிகள் பெரும்பாலும் மாடலிங் வகைதான். அதனால்தான் அந்த வழியில் போனோம்.

கிடாரும் கையும்

ஸ்டீல் கிடாருக்கு ஆம்ப் தேடுவதும் சாதாரண கிடாருக்குத் தேடுவதும் ஒன்றல்ல. இது தெரியாமல் கடைக்குப் போனால் கடைப் பையன் ராக் வாசித்துக் காட்டியே விற்றுவிடுவான்.

ஹவாய்த் தீவில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் கிடாரை மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் தந்தியை வழுக்கி வாசித்தார் என்பது வரலாறு. 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த, வாணலி மாதிரி இருந்த மின்சார கிடாரும் மடியில் வைத்து வாசிப்பதுதான். மின்சாரம் முதலில் தேடி வந்தது இந்தக் கிடாரைத்தான் என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். ஹவாய்க்காரரான டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்ததும், பிறகு வான் ஷிப்லி போன்றவர்கள் சினிமாப் பாட்டுகளை இதில் வாசித்து ரிக்கார்டு போட்டதும் இந்த வாத்தியத்தை இந்தியாவின் வீட்டு விசேஷங்கள் வரை கொண்டுவந்தன.

அண்ணனுடையது ஆறு தந்தி. டி ஸ்ருதியில் திறந்த கட்டு: கீழிருந்து மேலே ச ப ச க ப ச. கீழ் ஷட்ஜம் சுமார் 73 ஹெர்ட்ஸ். வலது கையில் விரலில் மாட்டும் உலோக நகங்கள், இடது கையில் இரும்புக் கட்டை, வலது காலடியில் வால்யூம் பெடல்.

இங்கேதான் ஆம்ப் தேர்வின் உயிர்நாடி இருக்கிறது. கீபோர்டு மாதிரி ஒரு ஸ்வரத்துக்கு ஒரு அழுத்து என்று இவர் வாசிப்பதில்லை. ஒரே மீட்டு, அதில் ப-வில் தொடங்கி, கட்டையை வழுக்கி ம, க, கடைசியில் ரி-யில் வந்து அசைத்து நிற்பார். மீட்டியபோது இருந்த பலம் ரி வரும்போது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தந்தி செத்துக்கொண்டிருக்கும்போதுதான் பாட்டின் முக்கியமான இடம் வருகிறது. அதற்காகத்தான் காலடியில் பெடல். மீட்டும்போது பாதி திறந்திருக்கும், தந்தி அடங்க அடங்கக் காலை அழுத்திச் சத்தத்தைச் சமமாக்கிக்கொண்டே போவார்.

வீணை ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. காரைக்குடி சகோதரர்கள், சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும், வாசித்த ஊர் இது. ஒரு மீட்டின் மிச்சத்தில் எத்தனை ஸ்வரம் எடுக்க முடியும் என்று காதால் அளக்கத் தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த வழுக்கலும் புதிதில்லை. அண்ணன் அந்த மிச்சத்துக்கு வைத்த பெயர் வால். "வால் அறுந்தா பாட்டு அறுந்துச்சு தம்பி."

ஆக எனக்கு இரண்டு விஷயம் தேவைப்பட்டது. மீட்டும் நொடியில் எவ்வளவு பலமாக அடித்தாலும் உடையாத சுத்தமான சத்தம். அடங்கும் நொடியில் கடைசி மூச்சு வரை வால். நூறு வகைச் சத்தம், எக்கோ, புளூடூத் இவையெல்லாம் பெட்டியின் அட்டையில் இருக்கும் சமாச்சாரங்கள்.

ஆடி மாதச் சோதனை

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும். பள்ளத்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டின் சாவியைக் காவல்காரரிடம் வாங்கி, அங்கேயே வைத்து வாசித்துப் பார்த்தோம். கடையின் சின்ன அறையில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டியாகத்தான் கேட்கும், அதை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் என்னிடம் பழுதுக்கு வருகிறார்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பளிங்கு மாதிரித் தேய்த்த சுவர், கல் தரை, பர்மாத் தேக்குத் தூண்கள். கைதட்டினால் சத்தம் சுற்றிவிட்டு வரும். ஆம்பிலிருக்கும் ரெவெர்பை, அதாவது எதிரொலியை, அங்கே முழுசாகக் குறைத்துவிட வேண்டும், வீடே அதைச் செய்துவிடும். வளவின் நடுமுற்றத்தில் கதை வேறு. மேலே வானம், சத்தம் ஏறிப் போய்விடும், ஆம்ப் பாவம் தனியாக உழைக்க வேண்டும்.

முதலில் 25 வாட் பெட்டி, 8 அங்குல ஸ்பீக்கர், எடை 8 கிலோவுக்குள். கீழ் ஷட்ஜத்தை மீட்டியதும் டப்பாவுக்குள் தேனீ புகுந்த மாதிரி அதிர்ந்தது. பத்து நிமிஷத்தில் மூடிவிட்டோம்.

அடுத்து, மதுரையில் ரிக்கார்டிங் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு வாங்கி வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரெவெர்ப். 10 கிலோ சொச்சம். வெளியே பார்த்தால் பழைய டீலக்ஸ் மாதிரியே இருக்கும், உள்ளே வால்வு இல்லை. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் சத்தம், மெனுவும் செல்போன் ஆப்பும் வேண்டாம். அண்ணனுக்குப் பார்த்ததும் பிடித்துப்போனது. எனக்கும்தான். மெல்ல வாசித்தபோது பழைய ட்வின் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். சத்தத்தை ஏற்றி முற்றத்தில் வைத்து மீட்டியபோது நுனி உடையத் தொடங்கியது.

பழுது என்று நினைத்துவிடக் கூடாது. அசல் வால்வு டீலக்ஸ் 22 வாட். ஏற்றினால் உடையும், அந்த உடைசலுக்காகவே புளூஸ் வாசிப்பவர்கள் அதை வாங்குகிறார்கள். இந்தப் பெட்டிக்குள் 100 வாட் கிளாஸ் டி இருந்தாலும் அந்த 22 வாட்டின் நடத்தையை அப்படியே செய்து காட்டுவதுதான் அதன் வேலை. மாடலிங் ஆம்ப் தான் நகலெடுக்கும் பெட்டியின் குணத்தோடு குறையையும் சேர்த்துத்தான் நகலெடுக்கும். ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்கு அதுவே குணம். ஸ்டீல் வாசிப்பவர் சுத்தமாக நிற்கும் ஆம்பின் நகலைத் தேட வேண்டும். அதே வரிசையில் டோன் மாஸ்டர் ட்வின் இருக்கிறது, அசலின் 85 வாட்டுக்கு ஈடாக 200 வாட் வைத்திருக்கிறார்கள். அதுதான் சரியான விடை. ஆனால் அது 15 கிலோ. அரிசிப் பை ஞாபகம் வந்தது. விலையும் பென்ஷன்காரர் யோசிக்கும் விலை.

மூன்றாவது, ஆம்பே இல்லாத வழி: காலடியில் மாடலிங் பெடல், அதிலிருந்து நேராக ஒரு பவர்டு ஸ்பீக்கர் (பவர் பகுதி உள்ளேயே இருப்பது). சத்தம் நன்றாகவே இருந்தது. ஸ்கிரீனில் எழுத்து சின்னது, அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். "இது கம்ப்யூட்டர் வேலை, எனக்கு வேண்டாம்." சரி என்று எடுத்து வைத்தேன். இளைய வயதுக்காரர் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

நாலாவது, 100 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், தராசில் சரியாக 13 கிலோ. கம்பெனிப் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை. அதை நடுப்பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம், அண்ணன் அப்படித்தான் சொல்வார். திருச்சியில் ஒருவர் ஆறு மாதம் வாசித்துவிட்டு விற்க வைத்திருந்தது. வாங்குவதற்கு முன்னால் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கிறோம் என்று முன்பணம் கொடுத்து எடுத்து வந்தோம்.

கிளீன் சத்தத்தில் வைத்து, ப ம க ரி. ப வந்தது, ம வந்தது, க வந்தது. ரி-யில் கட்டை போய் நின்று அசையத் தொடங்கியதும் யாரோ கதவைச் சாத்திய மாதிரி சத்தம் நின்றுவிட்டது. மறுபடி வாசித்தார். அதே இடம், அதே சாத்து. அண்ணன் கட்டையைத் தூக்கிப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நாய்ஸ் கேட். டிஸ்டார்ஷன், அதாவது வேண்டுமென்றே உடைத்த சத்தம், ஏற்றி வாசிக்கும் ராக் கிடார்க்காரர்களுக்கு, கை நின்றதும் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அதை மறைக்க, சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனால் வாயை மூடிவிடும் ஒரு காவல்காரனை உள்ளே வைக்கிறார்கள். அந்தக் காவல்காரனுக்கு இரைச்சலும் தெரியாது, ரிஷபமும் தெரியாது. இரண்டும் அவனுக்குச் சின்ன சத்தம், அவ்வளவுதான். வால்யூம் பெடல் ஆம்புக்கு முன்னால் இருப்பதால் நிலைமை இன்னும் மோசம். பாதி பெடலில் வரும் சிக்னலை ஏற்கெனவே அடங்கியதாகவே அவன் நினைத்துக்கொள்கிறான்.

இந்தக் கேட்டுக்குப் பெட்டியின் முகத்தில் குமிழ் இல்லை. லேப்டாப்பில் யு.எஸ்.பி. ஒயர் போட்டுப் பார்த்தால், கிளீன் சத்தத்திலும் அது போடப்பட்டே வந்திருந்தது. முன்னால் வைத்திருந்தவர் செய்ததா, கடையிலிருந்தே அப்படியா என்று தெரியவில்லை. நிறுத்தினேன். மெல்லிய இரைச்சல் வந்தது. ரி-யும் வந்தது. அசைந்து, அடங்கி, சுவரில் போய்க் கரைந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வாசித்தார்.

அந்த இரைச்சலை என்ன செய்வது? அதற்குத்தான் பெடல் இருக்கிறதே. வாசிக்காத நேரத்தில் குதிகாலை இறக்கினால் பிக்கப்பிலிருந்து (தந்தியின் அசைவை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) வரும் ஹம் முழுக்க நின்றுவிடும். கேட் போட வேண்டியதில்லை, அவர் நாற்பது வருஷமாக அதைக் காலில் வைத்திருக்கிறார்.

அடுத்த சிக்கல் மறுமுனையில். பலமாக மீட்டினால் ஒரு 'பட்' சத்தம். கெயின் குமிழை முழுக்கக் குறைத்தாலும் போகவில்லை. அவருடைய பிக்கப்பை மீட்டரில் அளந்தேன், 15 கிலோ ஓம் இருந்தது. சாதாரண ஒற்றைச் சுருள் கிடார் பிக்கப் அதில் பாதிகூட இருக்காது. சிக்னல் எண்ணாக மாறும் வாசலிலேயே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, வாசலுக்கு உள்ளே இருக்கும் குமிழைக் குறைத்து என்ன பயன்? வால்வு ஆம்ப் இப்படி நிரம்பினால் இனிமையாகக் குழையும், எண் வாசல் நறுக்கென்று வெட்டும். பிக்கப்பின் இரண்டு பக்கத் திருகாணியையும் இரண்டு சுற்று இறக்கி, தந்தியிலிருந்து தள்ளி வைத்தேன். அடங்கிவிட்டது. செலவு ஒன்றுமில்லை. இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு முழு மத்தியானம் போனது.

மிச்சம் சில்லறை வேலை. 800 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் வெட்டினால் மூக்கடைத்த தன்மை போகும், ஸ்டீல் வாசிப்பவர்கள் வெகு காலமாகச் செய்வது. கட்டை மேல் ஸ்தாயியில் போகும்போது காது கூசாமல் ட்ரபிளைக் குறைத்தேன். பெட்டியைக் கல் தரையில் வைத்தால் கீழ் தந்தி உப்புகிறது, ஒரு முக்காலியில் ஏற்றி வைத்ததும் தெளிந்தது.

வாட் பற்றி ஒரு வார்த்தை. 50-ஆ 100-ஆ என்று பலர் கேட்கிறார்கள். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல்தான் ஏறும், காதுக்கு அது கொஞ்சம்தான். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் ஸ்டீலுக்கு அந்த 3 டெசிபெல் சத்தத்துக்காகத் தேவையில்லை, மீட்டும் நொடியில் முட்டாமல் இருக்கும் இடத்துக்காகத் தேவை. கூட்டத்துக்குச் சத்தம் என் மைக் செட்டிலிருந்து போகும். நடுப்பெட்டியின் பின்னால் மைக் செட்டுக்கு நேராக ஒயர் போடும் லைன் அவுட் இருந்தது, ஸ்பீக்கர் சத்தத்தையும் சேர்த்து நகலெடுத்துக் கொடுப்பது. முன்னால் மைக் வைக்கும் வேலை எனக்கு மிச்சம்.

ஆவணியில் நடந்தது

முதல் நிகழ்ச்சி ஒரு மணிவிழா. முன்பணம் கொடுத்து எடுத்த அதே நடுப்பெட்டி. வரவேற்பு, வளவில் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இங்கே மெல்லிய ஒரு பழைய பாட்டு. கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க அரை நிமிஷம். விளக்கு வந்தது, கீபோர்டு வந்தது, தபலா நிற்கவே இல்லை. நடுப்பெட்டி மட்டும் சில நொடி கண் சிமிட்டிவிட்டு எழுந்தது. அண்ணன் விட்ட இடத்திலிருந்து பிடித்து மீட்டினார்.

அலறல். பந்தியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்டி எழும்போது அண்ணனுடைய சத்தத்துக்குப் போகாமல், நினைவில் முதலாவதாக இருந்த சத்தத்துக்குப் போயிருக்கிறது. பழைய சொந்தக்காரர் அங்கே முழு டிஸ்டார்ஷனைச் சேமித்து வைத்திருந்தார். நான் அண்ணனின் சத்தத்தை மூன்றாவதில் சேமித்திருந்தேன். தப்பு என்னுடையதுதான், கரண்டை நிறுத்திப் போட்டுப் பார்க்காமல் நிகழ்ச்சிக்கு எடுத்து வந்திருக்கக் கூடாது.

வீட்டு ஆச்சி அருகே வந்து, "ஏம்ப்பா, ஜெனரேட்டர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். "இல்லை ஆச்சி, பெட்டி பயந்துடுச்சு" என்று அண்ணன் சமாளித்தார். பொத்தானை அழுத்தி மூன்றுக்குப் போய், பாட்டு தொடர்ந்தது. இரவு வண்டியில் திரும்பும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து, "பழைய பெட்டியிலே கரண்டு போனா சத்தம் போகும். வந்தா சத்தம் வரும்" என்றார்.

அதற்கு நான் செய்த வைத்தியம் எளியது. பெட்டியில் நாலு நினைவு இடம். நாலிலும் ஒரே சத்தத்தைச் சேமித்தேன். நாலிலும் கேட் இல்லை, ரெவெர்ப் பூஜ்யம். எந்தப் பொத்தானை அழுத்தினாலும், கரண்ட் எத்தனை தடவை போய் வந்தாலும் அதே கிடார்தான். நூறு சத்தம் தரும் பெட்டியை ஒரே சத்தம் தரும் பெட்டியாக்கியாயிற்று. பொத்தான்கள் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். டோன் மாஸ்டர் மாதிரி பெட்டிகள் நிறையப் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் நிம்மதியில் பாதி இதுதான் என்று அப்போது தோன்றியது.

கரண்ட் பற்றி இன்னொன்று. லேசான பெட்டிகள் பலவற்றில் பின்னால் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். ஜெனரேட்டர் இறங்கினாலும் ஏறினாலும் அவை அசையாது, பழைய ட்வினுக்கு ஸ்டெபிலைசர் வேண்டியிருந்தது. ஆனால் லேசாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது, எழுத்தைப் படிக்க வேண்டும். நம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் வெளிநாட்டு உறவு உண்டு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்த பெட்டி இங்கே அப்படியே ஓடும், அங்கேயும் நம் அளவு வோல்ட்தான். அமெரிக்காவிலிருந்து மருமகன் அன்பாகக் கொண்டுவரும் 120 வோல்ட் பெட்டியை நேராகச் செருகினால் புகைதான். அப்படி வந்தவை என் கடை அலமாரியில் இரண்டு இருக்கின்றன.

எர்த் விஷயத்தில் நான் கறாரானவன். பழைய வீடுகளில் இரண்டு துளை பிளக் இன்னும் இருக்கிறது. ஸ்டீல் வாசிப்பவர் ஒரு கையில் இரும்புக் கட்டை, மறு கையில் விரல் உலோகம் என்று எந்நேரமும் தந்தியைத் தொட்டுக்கொண்டிருப்பவர். தந்தி ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. அந்த எர்த்துக்குப் போக வழியில்லாமல், இவர் எதிரிலிருக்கும் மைக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹம் வருகிறது என்று மூன்றாவது பின்னைப் பிடுங்கிப் போடுகிறவர்களை நான் மேடையில் ஏற விடுவதில்லை. ஜெனரேட்டரிலிருந்து எர்த்தோடு தனி ஒயர், நடுவில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மின்சாரம் கசிந்தால் உடனே அறுத்துவிடும் ஸ்விட்ச். அதற்கு அப்புறம்தான் பெட்டி.

இப்போது

புரட்டாசியில் மிச்சப் பணத்தைக் கொடுத்து நடுப்பெட்டியை வாங்கினார். ஐப்பசியிலிருந்து பதினொரு நிகழ்ச்சி ஆகிவிட்டது. எக்ஸ்.எல்லில் காலடியில் பெட்டி, முதுகில் கிடார், தோளில் பெடல் பை, ஒரே நடையில் வீட்டுக்குள் போய்விடுகிறார். சத்தம் பழைய ட்வின் அளவுக்கு இருக்கிறதா என்றால் இல்லை. கீழ் ஷட்ஜத்தில் ட்வினுக்கு ஒரு உடம்பு உண்டு, இரண்டு ஸ்பீக்கரும் பெரிய பலகையும் சேர்ந்து தருவது. ஒரு 12 அங்குலத்தில் அது வராது. கேட்பவர்களில் யாரும் சொன்னதில்லை, அண்ணன் மட்டும் சில நாள் சொல்வார். அவருக்கு 15 கிலோ தூக்க முடிந்திருந்தால், கையில் பணமும் இருந்திருந்தால், டோன் மாஸ்டர் ட்வினைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

தீராதது ஒன்று இருக்கிறது. ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் சேர்ந்து ஓடும்போது லைன் அவுட்டில் மட்டும் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். பெட்டியின் ஸ்பீக்கரில் கேட்பதில்லை. பெடலை இறக்கினாலும் போகவில்லை, ஆக பிக்கப் வழியாக வரவில்லை. மிக்சருக்கும் பெட்டிக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஒரு டி.ஐ. பாக்ஸ் (இரண்டின் ஒயரும் நேராக ஒட்டாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) போட்டுப் பார்க்க வேண்டும், தை முகூர்த்தத்துக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். அது கால் கிலோ இருக்கும். அதை யார் தூக்குவது என்று அண்ணன் இப்போதே கேட்டாயிற்று.